டிவிடியின் வரி தெரியும் வரை: பழைய பள்ளிக்கூட நுணுக்குக்காட்டி ஒன்றைத் திருத்திப் படம் எடுத்த பதிவு

வேலைக்கு எடுத்தது உயர்தர வகுப்பு (ஏ.எல்.) உயிரியல் ஆய்வுகூடங்களில் கிடக்கும் வழமையான வகை. ஒற்றைப் பார்வைத்துண்டு, கீழே ஒளியை மேலே திருப்பும் கண்ணாடி, அதன் மேல் ஐரிஸ் (ஒளி வரும் துளையைத் திறந்து மூடுவது) உள்ள ஒடுக்கி (ஒளியைக் குவிக்கும் வில்லை), சுழல்மூக்கில் 4, 10, 40, 100 மடங்குப் பொருள்வில்லைகள் நான்கு. வில்லைகளின் பக்கத்தில் 160/0.17 என்று பொறித்திருக்கிறது. குழாயின் நீளம் 160 மி.மீ., மாதிரியை மூடும் மெல்லிய கண்ணாடியான கவர்ஸ்லிப்பின் தடிப்பு 0.17 மி.மீ. என்பதற்கு ஏற்பச் செய்த வில்லை என்று பொருள். இந்த எண் இருந்தால் உதிரி வில்லை தேடுவது சுலபம். திருகுப் புரி உலகம் முழுக்க ஒரே அளவு, 20.32 மி.மீ. விட்டம், அங்குலத்துக்கு 36 புரி. பார்வைத்துண்டு நுழையும் துளையும் பொது அளவுதான், 23.2 மி.மீ.

வந்த நிலை: குவியப்படுத்தும் பெரிய திருகைச் சுற்றிவிட்டுக் கையை எடுத்தால் குழாய் தானாகக் கீழே இறங்கும். சின்னத் திருகு அசையாது. 10 மடங்கில் படம் பரவாயில்லை, 40 மடங்கில் எல்லாம் பனிக்குள் பார்ப்பது போல. கண்ணாடியின் பூச்சு பாதி உரிந்துவிட்டது.

இந்த நிலையில் பலரும் முதலில் யூஎஸ்பி கமரா வாங்க ஓடுவார்கள். அது கடைசி வேலை. இந்த வகைக் கருவியில் கண்ணாடியும் பித்தளையும் இலேசில் சாவதில்லை. அழுக்கும் பிழையான ஒளியுமே படத்தைக் கெடுக்கின்றன. அதற்கு மேல் எந்தக் கமராவை வைத்தாலும் அந்தப் பனியைத்தான் அது வடிவாகப் படம் பிடிக்கும்.

அழுக்கு எங்கே?

கழற்ற முதல் பத்து நிமிடம் இதற்குச் செலவழிக்க வேண்டும். வழுக்கி (மாதிரி வைக்கும் கண்ணாடித் தகடு, ஸ்லைட்) ஒன்றை வைத்துக் குவியப்படுத்தி, பார்வைத்துண்டை மட்டும் மெதுவாகச் சுற்றினால், கூடவே சுற்றும் புள்ளிகள் பார்வைத்துண்டில் இருப்பவை. வழுக்கியை நகர்த்தும்போது நகர்பவை வழுக்கியில் இருப்பவை. ஒடுக்கியை ஏற்றி இறக்கும்போது தெளிந்து மறைபவை ஒடுக்கியிலோ விளக்கிலோ இருப்பவை. பொருள்வில்லையின் அழுக்கு இப்படிப் புள்ளியாகத் தெரியாது. படம் முழுவதையும் வெளிறச் செய்யும். 40 மடங்கில் மட்டும் பனி என்றால் சந்தேகம் நேரே அந்த வில்லையின் நுனிக்குப் போக வேண்டும்.

நுனியைப் பார்க்க வேறு பூதக்கண்ணாடி வேண்டாம். பார்வைத்துண்டை உருவித் தலைகீழாகப் பிடித்துக் கண்ணருகே வைத்தால் அதுவே நல்ல உருப்பெருக்கி. பொருள்வில்லையைக் கழற்றி, நுனியை யன்னல் வெளிச்சத்துக்குச் சரித்துப் பார்த்தபோது விசயம் வெளித்தது. 100 மடங்குக்கு விடும் எண்ணெயோடு யாரோ 40 மடங்கைச் சுழற்றியிருக்கிறார்கள். அது காய்ந்து மஞ்சள் தோலாக ஒட்டிக் கிடந்தது. பள்ளிக்கூடக் கருவிகளில் 40 மடங்கு மங்குவதற்கு இதைவிடப் பொதுவான காரணம் கிடையாது.

இன்னொரு பொய்க்குற்றமும் உண்டு. 4, 10 மடங்குகளில் தெளிவாகவும், 40 மடங்கில் குவியவே மாட்டேன் என்றும் இருந்தால் வழுக்கியைத் தலைகீழாக வைத்திருக்கக்கூடும். வழுக்கியின் தடிப்பு ஒரு மி.மீ. அளவு, 40 மடங்கு வில்லைக்கு அவ்வளவு தூரம் எட்டாது. இரண்டு கவர்ஸ்லிப் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தாலும் படம் மங்கும். வில்லையைக் குறை சொல்ல முதல் இவற்றைப் பாருங்கள்.

இறுகிய திருகு, இறங்கும் குழாய்

உலோக வேலை தொடங்க முதல் கண்ணாடி எல்லாம் வெளியே போக வேண்டும். பொருள்வில்லைகளை எந்தத் துளையில் எது என்று குறித்துக்கொண்டு கழற்றி, சுத்தமான மருந்துப் போத்தல்களில் மூடி வைக்கலாம். பிறகு குழாயை மேலே உயர்த்தி உருவும்போது, பற்சக்கரம் எந்தப் பல்லில் விடுகிறது என்று பென்சிலால் ஒரு கோடு போட வேண்டும். ஒரு பல் மாறிப் பூட்டினால் கீழே இறங்கும் தூரம் மாறும். சில நேரம் 100 மடங்கு வழுக்கியைத் தொடவே தொடாது.

உள்ளே பச்சைப் பிசின். பித்தளையும் பழைய கிறீசும் சேர்ந்து வருடக்கணக்கில் கிடந்தால் செம்பு கரைந்து இப்படிப் பச்சையாகும். மண்ணெண்ணெயில் நனைத்த பழைய பற்தூரிகை போதும். பற்களின் இடுக்குக்கு ஈர்க்கு. பெற்றோல் வேகமாகக் கரைக்கும், ஆனால் வர்ணத்தையும் சேர்த்துக் கழற்றக்கூடும், தீப்பிடிக்கும் ஆபத்தும் கூட. அவசரம் இல்லை என்றால் வேண்டாம். மண்ணெண்ணெயின் மிச்சத்தைத் துணியால் துடைத்து, ஓர் இரவு காயவிட்ட பிறகே புதுக் கிறீஸ்.

எந்தக் கிறீஸ் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கையில் கிடைத்த தேங்காயெண்ணெய் முதல் வாரம் அருமையாக ஓடும். பிறகு சிக்குப் பிடித்து, பழைய பிசினைவிட மோசமாகும். தையல் மெசின் எண்ணெய் கெடாது, ஆனால் மெல்லியது. பற்சக்கரத்துக்குப் பிடிமானம் இல்லாமல் குழாய் இறங்கும். வெள்ளை லித்தியம் கிறீஸ், சரிவுப் பாதை ஒவ்வொன்றுக்கும் ஓர் அரிசி அளவு, பற்களுக்கு அதிலும் பாதி. குழாயை ஏற்றி இறக்கிப் பரப்பியபின் வெளியே வழிவதைத் துடைத்துவிட வேண்டும்.

இறுக்கத்துக்குப் பெரும்பாலும் பெரிய திருகின் கழுத்தில் துளைகள் உள்ள வளையம் இருக்கும். சில மாதிரிகளில் ஒரு பக்கக் குமிழைப் பிடித்துக்கொண்டு மறுபக்கக் குமிழை முறுக்கினாலே இறுகும். எவ்வளவு இறுக்குவது என்பதற்கு ஒரு அளவு: படம் எடுக்க 200 கிராம் போன் மேலே ஏறப்போகிறது. எனவே பார்வைத்துண்டின் மேல் 200 கிராம் சீனிப் பைக்கற்றை வைத்து ஐந்து நிமிடம் விட்டு, வழுக்கி குவியத்திலேயே இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இந்தக் கருவிக்கு வளையத்தில் கால் சுற்றுப் போதுமாக இருந்தது.

சின்னத் திருகுக்கு வலு உதவாது. முதலில், அது உண்மையில் இறுகியதா அல்லது பயண எல்லையில் முட்டி நிற்கிறதா என்று எதிர்ப்பக்கம் சுற்றிப் பார்க்க வேண்டும். எல்லையில் நிற்பதை இறுகிவிட்டது என்று நினைத்து உடைத்த கருவிகள் கனக்க. இங்கே இரண்டு பக்கமும் அசையவில்லை. தண்டு உள்ளே போகும் இடத்தில் மண்ணெண்ணெய் இரண்டு துளி, ஒரு நாள் ஊறல், பிறகு மயிரிழை அளவில் முன்னும் பின்னும். மூன்றாம் நாள் முழுச் சுற்று வந்தது. வந்ததும் பயணத்தின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தியாயிற்று. அங்கேயே வைத்துப் பாவிப்பது பழக்கமாக வேண்டும்.

கண்ணாடி

முதலில் ஊதல். வாயால் ஊதினால் எச்சில் படும்; குழந்தைகளுக்கு மூக்குச்சளி எடுக்கும் இறப்பர் பந்து நல்லது. மணல் துகள் ஒன்று கிடக்கத் துடைத்தால் அந்தக் கீறலுக்கு மருந்தில்லை.

தண்ணீர் என்றால் கிணற்றுத் தண்ணீர் அல்ல. யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணக்கல்; கிணற்றுத் தண்ணீரின் ஒரு துளியை வழுக்கியில் காயவிட்டு 10 மடங்கில் பார்த்தால் சுண்ணப் பளிங்குகள் வட்டமாகக் கிடப்பது தெரியும். அதையே வில்லையில் காயவிடுவானேன்? பற்றரிக்கு விடும் காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு போத்தல் வாங்கினால் வழுக்கி கழுவ, சாயம் கரைக்க எல்லாவற்றுக்கும் வரும்.

எண்ணெய்க்கு அற்ககோல். பாமசியில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் என்று தருவதில் ஆமணக்கெண்ணெய் போன்றவை கலந்திருப்பதுண்டு. அது காய்ந்ததும் தானே ஒரு படலம் விடும். போன் திருத்தும் கடைகளில் பாவிக்கும் 99 சதவீத ஐசோபுரோப்பைல் அற்ககோல் நல்லது. எதை வாங்கினாலும் சுத்தமான வழுக்கியில் ஒரு துளி விட்டுக் காயவைத்து, வெளிச்சத்துக்குச் சரித்துப் பாருங்கள். வளையம் விட்டால் அது வில்லைக்கு ஆகாது.

ஈர்க்கு நுனியில் பஞ்சைத் தளர்வாகச் சுற்றி, அற்ககோலில் தொட்டு, கடதாசியில் ஒற்றி, அரை ஈரமாக்கி, வில்லையின் நடுவிலிருந்து விளிம்புக்குச் சுருளாக ஒரே இழுவை. பஞ்சை எறிந்துவிட்டு அடுத்தது. சொட்டச் சொட்ட நனைத்தால் அற்ககோல் வில்லைகளை ஒட்டிய பசைவரை போய்விடும். அசிற்றோனைப் பக்கத்திலேயே வைக்கக்கூடாது. 40 மடங்கின் மஞ்சள் தோலுக்கு 11 பஞ்சு போயிற்று. ஒவ்வொரு மூன்று பஞ்சுக்கும் ஒருக்கா பார்வைத்துண்டால் பார்த்து, இனி மஞ்சள் இல்லை என்றதும் நிறுத்தியாயிற்று.

பார்வைத்துண்டில் பூஞ்சணம், சிலந்தி வலை போலக் கிளைவிட்டு. இது பழைய ஹைகன்ஸ் வகை, இரண்டே வில்லை, திருகிக் கழற்றலாம். 3 சதவீத ஐதரசன் பெரொட்சைட்டில் பஞ்சைத் தொட்டு ஒரு நிமிடம் வைத்துத் துடைத்து, வடித்த தண்ணீரால் ஒருமுறை, அற்ககோலால் ஒருமுறை. வலை போய்விடும், அது கண்ணாடியை அரித்த தடம் போகாது. திரும்பப் பூட்டும்போது இரண்டு வில்லையின் தட்டைப் பக்கமும் கண்ணை நோக்கி இருக்க வேண்டும். மாறிப் பூட்டினால் ஓரம் முழுக்க வளைந்து தெரியும், காரணம் பிடிபடாமல் அரை நாள் போய்விடும். பொருள்வில்லைக்குள் பூஞ்சணம் இருந்தால் அதைத் திறக்க வேண்டாம்; உள்ளே வில்லைகளின் இடைவெளி மயிரிழைக் கணக்கு.

விளக்கு

அடியில் ஒளி திருப்பும் கண்ணாடி நின்ற இடத்தில் 1 வாற்று வெள்ளை எல்.ஈ.டி., ஒரு துண்டு அலுமினியத்தின் மேல். 5 வோல்ற் போன் சார்ஜரிலிருந்து, தொடராக 18 ஓம் அரை வாற்றுத் தடையி. எல்.ஈ.டி. 3.2 வோல்ற் எடுத்தால் மிச்சம் 1.8 வோல்ற், 18 ஓமுக்கு 100 மில்லிஅம்பியர். அந்த எல்.ஈ.டி. தாங்குவதில் மூன்றில் ஒரு பங்குதான், சூடாகாது, 40 மடங்குக்குத் தாராளம். வெளிச்சம் குறைக்க 47, 100 ஓம் தடையிகளை ஒரு மாற்றுச் சுவிச்சில் போட்டால் ஏறத்தாழ 40, 20 மில்லிஅம்பியர். கடையில் விற்கும் டிம்மரைப் போட வேண்டாம். பெரும்பாலானவை விளக்கை வேகமாக அணைத்து எரித்துத்தான் மங்கச் செய்கின்றன, கண்ணுக்குத் தெரியாது, போன் கமராவில் கறுப்புப் பட்டைகளாக ஓடும். 230 வோல்ற்றில் நேரே எரியும் மலிவு பல்புகளும் அப்படித்தான், செக்கனுக்கு 100 தடவை துடிக்கும். அந்த ஒளிதான் இருக்கிறது என்றால் சட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 இல் பூட்ட வேண்டும்.

பவர் பாங்கில் போட்டால் அரை நிமிடத்தில் அணைந்துவிடுகிறது என்றால் விளக்கில் பிழையில்லை. எடுக்கும் மின் மிகக் குறைவு என்பதால் பவர் பாங் போன் நிறைந்துவிட்டதென்று நினைத்துத் தானே நிற்கிறது.

எல்.ஈ.டி.க்கு மேல் ரேசிங் பேப்பர் (படி எடுக்கும், ஒளி ஊடுருவும் தாள்) இரண்டு மடிப்பு, ஒடுக்கிக்குக் கீழே, 30 மி.மீ. அகல வட்டமாக. வெறும் எல்.ஈ.டி.யைக் காட்டினால் பார்வைப் புலத்தின் நடுவில் ஒரு மஞ்சள் சதுரம் தெரியும். அதைவிட முக்கியம், அந்தச் சின்னப் புள்ளி ஒடுக்கியை நிரப்பாது. ஒடுக்கி நிரம்பாவிட்டால் என்ன போகிறது என்பதைக் கண்ணால் காட்டும் பரிசோதனைதான் அடுத்தது.

டிவிடித் துண்டு

பாவித்து எறிந்த டிவிடி-ஆர் ஒன்றின் விளிம்பில் கத்தி நுனியை விட்டால் 0.6 மி.மீ. தடிப்பில் இரண்டு தட்டாகப் பிரியும். ஊதாச் சாயம் ஒட்டிய, ஊடு தெரியும் தட்டுத்தான் வேண்டும். வெள்ளிப்படலம் ஒட்டியிருந்தால் ரேப்பை ஒட்டி உரிக்கலாம். சாயத்தைக் கழுவ வேண்டாம், தரவு பதிவாகும் நுண்ணிய வரி எடுப்பாகத் தெரிய அதுவும் உதவும். 20 மி.மீ. சதுரமாக வெட்டி, வரியுள்ள பக்கம் மேலே வர வழுக்கியில் ஓரங்களை ரேப்பால் ஒட்டி, அதன் மேல் கவர்ஸ்லிப்பைத் தண்ணீர் விடாமல் சும்மா வைத்துவிட வேண்டும்.

டிவிடியில் வரிக்கு வரி 0.74 மைக்ரோமீற்றர். 40 மடங்கு வில்லையின் என்.ஏ. 0.65, ஒளியை எவ்வளவு அகலக் கோணத்தில் வாங்கும் என்பதைச் சொல்லும் எண் இது, மடங்கைவிடப் பெறுமதியானது. ஒரு வில்லை எவ்வளவு நெருங்கிய வரிகளைப் பிரிக்கும் என்பதற்கு, ஒளியின் அலைநீளத்தை வில்லையின் என்.ஏ.யும் ஒடுக்கி தரும் என்.ஏ.யும் சேர்ந்த தொகையால் பிரிக்க வேண்டும். பச்சை ஒளி 0.55 மைக்ரோமீற்றர். ஐரிஸ் வடிவாகத் திறந்து ஒடுக்கி 0.5 தந்தால் 0.55 ஐ 1.15 ஆல் பிரிக்க 0.48, டிவிடி வரி தெரிந்தே ஆகவேண்டும். ஐரிஸை முழுக்க மூடி ஒடுக்கி 0.05 மட்டும் தந்தால் 0.55 ஐ 0.7 ஆல் பிரிக்க 0.79, வரி மறைய வேண்டும்.

நடந்ததும் அதுதான். கழுவ முதல் 40 மடங்கில் ஊதாப் புகை மட்டும். கழுவிய பிறகும், ஒடுக்கி கீழே இறங்கிக் கிடந்ததால் ஒன்றுமில்லை. ஒடுக்கியை மேலே ஏற்றி வழுக்கிக்கு ஒரு மி.மீ. கீழே நிறுத்தி ஐரிஸைத் திறந்ததும், சீப்புப் பற்கள் போல வரிகள். சின்னத் திருகில் மயிரிழை விலகலில் இன்னும் எடுப்பு. ஐரிஸை மூடிக்கொண்டே வந்தால் படம் இருண்டு, மாறுபாடு கூடி, பார்வைக்குக் கூர்மையானது போலத் தோன்றும். அதே நேரத்தில் வரிகள் காணாமல் போகும். ஐரிஸை மூடினால்தான் வடிவாகத் தெரிகிறது என்று வகுப்புகளில் பழக்கிவிடுவது எவ்வளவு பிழை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

10 மடங்கு வில்லையில், என்.ஏ. 0.25, டிவிடி வரி எப்படியும் தெரியாது; சீடியின் வரி, 1.5 முதல் 1.6 மைக்ரோமீற்றர், திறந்த ஐரிஸில் மெல்லியதாகத் தெரியும்.

ஐரிஸின் நடைமுறை அளவு: பார்வைத்துண்டை உருவி, வெறுங்குழாய்க்குள் பார்த்தால் ஒளிவட்டம் தெரியும். ஐரிஸின் விளிம்பு அந்த வட்டத்தின் முக்கால் பங்கில் நிற்கும்படி மூட வேண்டும். வில்லை மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். வெளிச்சம் கூடினால் தடையியை மாற்றுங்கள், ஐரிஸைத் தொட வேண்டாம்.

போன்

பார்வைத்துண்டுக்கு மேலே ஒளி ஒரு சின்ன வட்டமாக ஒடுங்கும் இடம் ஒன்றுண்டு. ரேசிங் பேப்பர் துண்டை மேலும் கீழும் நகர்த்தினால், வட்டம் மிகச் சிறிதாகவும் கூராகவும் தெரியும் உயரம் அது. 10 மடங்கு வில்லைக்கு 1.25 மி.மீ., 40 மடங்குக்கு 0.8 மி.மீ. விட்டம். போன் கமராவின் வாய் அந்த இடத்தில் இருக்க வேண்டும். ஹைகன்ஸ் பார்வைத்துண்டில் இந்த வட்டம் கண்ணாடிக்கு மிக அருகில் விழும். போனின் வில்லையோ கண்ணாடிக்குப் பின்னால் சில மி.மீ. உள்ளே இருக்கிறது. எட்டாது. அதனால்தான் சாவித்துவாரத்தால் பார்ப்பது போல நடுவில் சின்ன வட்டமும் சுற்றிக் கறுப்பும். இதற்கு 23.2 மி.மீ. அகலப் பார்வைப் புலமுள்ள 10 மடங்குப் பார்வைத்துண்டு ஒன்று வாங்குவது, இந்த வேலையில் காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒரே கண்ணாடி.

பிடிப்புக்கு, பார்வைத்துண்டின் தலையில் இறுகப் போகும் எஸ்லோன் (பிவிசி) பைப் துண்டு, உள்ளே ஒரு சுற்றுச் சைக்கிள் ரியூப். அதன் மேல் வாயை, ரேசிங் பேப்பர் காட்டிய உயரத்துக்கு அராவிக் குறைத்து, போனின் மலிவு உறை ஒன்றில் கமராத் துளையைச் சுற்றி எப்பொக்சியால் ஒட்டலாம். எப்பொக்சி இறுக முதல் போனைப் போட்டு, திரையில் வட்டம் நடுவில் வரும்வரை நகர்த்தி நிறுத்த வேண்டும். பிரதான கமரா மட்டும். அகலக்கோணக் கமரா உதவாது. சில போன்கள் கிட்டப் பொருளைக் கண்டால் தானே அகலக்கோணத்துக்கு மாறும், அந்த வசதியை நிறுத்திவிடுங்கள்.

ஓப்பன் கமரா போன்ற கைமுறைச் செயலியில் குவியம் முடிவிலிக்கு, ஐ.எஸ்.ஓ. ஆகக் குறைந்ததற்கு, வெண்சமநிலையை வெற்று இடத்தில் வைத்துப் பூட்டி. கூர்மையாக்கும் வசதி இருந்தால் நிறுத்தி. படம் எடுக்க 3 செக்கன் ரைமர், விரல் பட்டாலே 40 மடங்கில் படம் நடுங்கும்.

அளவுக்கோடும் அதே டிவிடித் துண்டிலிருந்தே வரும். 40 மடங்கில், பிறகு மாற்றப்போகாத சூம் நிலையில் ஒரு படம். இமேஜ்ஜே மென்பொருளில் வரிகளுக்குக் குறுக்கே கோடிழுத்து 100 வரி எண்ணினால் 74 மைக்ரோமீற்றர், அதை அளவாகக் கொடுக்கலாம். 4, 10 மடங்குக்கு அரை மி.மீ. கோடுள்ள உருக்கு அடிமட்டத்தை மேலிருந்து ரோச் அடித்துப் படம் எடுக்கலாம். ஒரு கோட்டின் இடது விளிம்பிலிருந்து அடுத்ததன் இடது விளிம்புக்கு அளக்க வேண்டும், கோடே தடிப்பு.

சரிபார்க்க மாப்பொருள் வசதியானது. அரிசி மாவின் மணிகள் 3 முதல் 8 மைக்ரோமீற்றர், உருளைக்கிழங்கில் 100 வரை. பழைய கல்குலேற்றர் திரையிலிருந்து உரித்த முனைவாக்கித் தாள்கள் (ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடுபவை) இரண்டில் ஒன்றை ஒடுக்கியின் கீழும் மற்றதைப் பார்வைத்துண்டின் மேலும் வைத்துக் குறுக்காகச் சுற்றினால், கறுப்பில் ஒவ்வொரு மணியும் சிலுவையோடு ஒளிரும். ஒடியல் (காய்ந்த பனங்கிழங்கு) மாவையும் இப்படிப் பாருங்கள். யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடனீரேரித் தண்ணீர் என்றால் கவர்ஸ்லிப்பின் ஓரத்தில் வசிலின் பூசி மூடாவிட்டால், பத்து நிமிடத்தில் உப்புச் சதுரங்கள்தான் படத்தில் இருக்கும். மேடையில் சிந்தியதை வடித்த தண்ணீரால் துடைத்து உலர்த்தாவிட்டால் பற்சக்கரம் வரை துருவும் பச்சையும் ஏறும்.

மாரிக்கு முன்

ஐப்பசி மழைக்கு முதல் கருவி காற்றிறுக்கமான பிளாஸ்ரிக் வாளிக்குள் போக வேண்டும், 200 கிராம் சிலிக்கா ஜெல்லோடு. வெல்வெட் பூசிய அதன் மரப்பெட்டி வடிவுதான், ஆனால் அது பூஞ்சணத்துக்குச் சாப்பாடு. பூச்சி உருண்டை ஆவியாகி வில்லையில் படியும். அரிசி போட்டால் அரிசித்தூள். நிறம் மாறும் ஜெல் மணிகளை 120 பாகை ஓவனில் இரண்டு மணித்தியாலம் வைத்தால் பழையபடி உலரும். வெயில் அவ்வளவு சூட்டுக்கு வராது. நீலமணிகளில் கோபால்ற் உப்பு உண்டு, அதற்குப் பாவித்த தட்டைச் சமையலுக்கு எடுக்கக்கூடாது.

100 மடங்கு வில்லையில் விளிம்போரம் பசை விட்டு வானவில் நிறம் தெரிகிறது. நடுப்பகுதி சுத்தம், எண்ணெய் விட்டால் வேலை செய்கிறது, எனவே தொடவில்லை. மாரி முடிய டிவிடித் துண்டை 40 மடங்கில் திரும்ப வைத்து, இப்போது எடுத்த படத்தோடு ஒப்பிட வேண்டும். வரி மங்கியிருந்தால் முதலில் பார்வைத்துண்டைத் திறக்க வேண்டும், பூஞ்சணம் ஏற்கெனவே குடியிருந்த இடம் அது.